டென்மார்க் எப்படிக் காத்தாடி நாடு ஆனது?

"டென்மார்க் ரொம்பச் சின்ன நாடு, அங்கே மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்தே வருகிறதாமே, எப்படி? கடற்காற்றும் கையில் காசும் இருந்தால் யாரும் செய்துவிடலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் காற்றாலைப் பராமரிப்பில் கிடந்தவன் நான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பாதிக்கு மேல் என்பது சரிதான். 2022, 2023 இரண்டு வருஷமும் 50 சதவீதத்தைத் தாண்டின. பரப்பு சுமார் 43,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஜனத்தொகை 60 லட்சத்தை ஒட்டி. மலை என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. நாட்டிலேயே உயரமான மேடு 171 மீட்டர், நம் திருச்சி மலைக்கோட்டை மேல் இன்னொரு மலைக்கோட்டையை வைத்த உயரம். அந்த மேட்டின் பெயரே ஆலைமேடு என்று பொருள்படுவதுதான், ஏனென்றால் 1917 வரை அதன் மேல் மாவரைக்கிற காற்றாலை ஒன்று நின்றது. நம் தரங்கம்பாடியில் 1620ல் கோட்டை கட்டினார்களே, அதே டேனிஷ்காரர்கள்தான்.

காற்றும் காசும் என்ற கணக்கில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காற்று என்று பார்த்தால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டென்மார்க்கைவிடப் பலமாக அடிக்கும். காசு என்று பார்த்தால் 1970களிலும் 80களிலும் இந்த விஷயத்தில் கொட்டியவர்கள் அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும். அமெரிக்கர்கள் நாசாவையும் போயிங்கையும் வைத்து ராட்சத மெஷின்கள் செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் குரோவியான் என்று 3 மெகாவாட்டில், 100 மீட்டர் சுழல்விட்டத்தில் ஒன்று 1983ல் எழுந்தது; மொத்தமாக 400 சொச்சம் மணி நேரம்தான் ஓடியது, 1988ல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதே காலத்தில் டென்மார்க்கில் உழவுக்கருவி செய்கிற பட்டறைகள் 22, 30, 55 கிலோவாட்டில் பொடிப்பொடியாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தன. ஜெயித்தது அந்தப் பொடி மெஷின்தான். அது ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் முக்கால்வாசி இருக்கிறது.

கதை 1891ல் அஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் ஆரம்பிக்கிறது. பௌல் லா கூர் என்ற வாத்தியார் அரசு உதவியோடு பள்ளியில் ஒரு காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார். காற்று நின்றால் என்ன செய்வது என்று இன்றைக்கும் எல்லாரும் கேட்கிறோமே, அதை அவர் அன்றைக்கே கேட்டுக்கொண்டு, வந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் தொட்டியில் பிடித்து, அதை எரித்துப் பள்ளிக்கூடத்துக்கு விளக்கேற்றினார். அவ்வப்போது வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடி பறந்திருக்கிறது, அது வேறு விஷயம். இன்றைக்குப் 'பசுமை ஹைட்ரஜன்' என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். காற்றுக் குழாய் வைத்துச் சோதித்து, நிறைய இறக்கை மெதுவாகச் சுற்றுவதைவிடச் சில இறக்கை வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரத்துக்கு லாபம் என்று கண்டதும் அவர்தான். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது, கிராமத்துப் பையன்களைக் கூட்டிவைத்துக் காற்றாலை மின்வேலை கற்றுக்கொடுத்து ஊருக்கு அனுப்பியது.

அப்படி அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் யோஹன்னஸ் யூல். வயதாகி, மின்வாரியத்தில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பக்கத்தில் வந்த காலத்தில் பழைய ஆசை திரும்ப முளைத்து, 1957ல் நாட்டின் தென்கோடியில் கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் மெஷின் ஒன்றை நிறுத்தினார். மூன்று இறக்கை, 24 மீட்டர் விட்டம், கிரிட்டில், அதாவது ஊர் முழுக்க ஓடுகிற மின்கம்பி வலையில், நேராகக் கோர்க்கிற சாதாரண ஜெனரேட்டர் (ஏசிங்க்ரனஸ் என்பார்கள்). காற்று அளவுக்கு மீறினால் இறக்கையின் வடிவமே தன்னைச் சுற்றவைக்கிற விசையைக் குறைத்துக்கொள்ளும், மோட்டார் வைத்து இறக்கையைத் திருப்புகிற வேலை இல்லை. இதை எங்கள் பாஷையில் ஸ்டால் மெஷின் என்போம்.

அதில் அவர் வைத்த ஒரு சின்ன சங்கதியைச் சொல்லாமல் விட மனமில்லை. சீசன் உச்சத்தில் திடீரென்று கிரிட் டிரிப் ஆகிறது என்று வையுங்கள். ஜெனரேட்டருக்குப் பிடிப்புப் போய்விடும், இறக்கை கயிறு அறுந்த காளை மாதிரி வேகம் எடுக்கும். விட்டால் கியர்பாக்ஸ், டவர் எல்லாம் சேர்ந்து தரைக்கு வரும். அந்த நேரத்தில் ஒவ்வொரு இறக்கையின் நுனியிலும் ஒரு துண்டு மட்டும் சுழற்சியின் வேகத்திலேயே வெளியே நழுவிக் குறுக்கே திரும்பிக் காற்றை மறிக்கும். பழைய 225, 250 கிலோவாட் மெஷின்களின் அடியில் நின்றவர்களுக்குத் தெரியும்: முதலில் மேலே ஒரு 'டக்', அப்புறம் கோவில் மாடு உறுமுகிற மாதிரி ஒரு நீண்ட இரைச்சல், கொஞ்ச நேரத்தில் இறக்கை சோர்ந்துபோய்ச் சும்மா சுற்றும். முதல்முறை கேட்டபோது நான் ஓடிப்போய் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன், கூட இருந்த அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த 'டக்' யூலின் கெட்ஸர் மெஷினில் பிறந்தது. மெஷின் 1967 வரை பெரிய பழுதில்லாமல் ஓடியது, எண்ணெய் தண்ணீர் மாதிரி மலிவாக இருந்ததால் நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, காற்றாலை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பிய நாசா, அந்தத் துருப்பிடித்த மெஷினை மறுபடி ஓட்டி அளவெடுக்கப் பணம் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 1973. எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் மொத்த எரிசக்தியில் 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை போட்டார்கள், ஜனங்கள் நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டார்கள். அரசும் மின் கம்பெனிகளும் அணு உலை கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி' என்று சிரிக்கிற சூரியன் படம் போட்ட பேட்ஜை உலகம் முழுக்கப் பார்த்திருப்பீர்கள், அது 1975ல் டென்மார்க்கில் உருவானது. கடைசியில் 1985ல் நாடாளுமன்றமே எரிசக்தித் திட்டத்தில் அணு உலை வேண்டாம் என்று முடிவெடுத்தது. இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், எண்ணெயை விட்ட மின் கம்பெனிகள் உடனே காற்றுக்குத் தாவவில்லை, நிலக்கரிக்குத் தாவின. 80களில் டென்மார்க் மின்சாரம் என்றால் பெரும்பாலும் நிலக்கரிதான். காற்றாலை என்பது அப்போது தாடி வைத்த இளைஞர்களும் தச்சர்களும் செய்கிற வேலை.

தச்சர் என்று சும்மா சொல்லவில்லை. கிறிஸ்டியன் ரீசகர் என்ற தச்சர், 1976 வாக்கில், கெட்ஸர் மாதிரியைச் சின்னதாக்கி, கடையில் கிடைக்கிற பாகங்களை வைத்து வீட்டுப் பின்புறம் 22 கிலோவாட் மெஷின் ஒன்றை நிறுத்தி ஊர்க் கம்பியிலேயே கோர்த்துவிட்டார். மீட்டர் பின்பக்கமாகச் சுற்றியது! அதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் உல்ஃப்போர் அருகே டிவின்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் தொண்டர்களும் சேர்ந்து 53 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஒரு பெரிய மெஷினைத் தங்கள் கையாலேயே கட்டி 1978ல் ஓட்டினார்கள். அப்புறம் பட்டறைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வெஸ்டாஸ் என்ற பெயர் இன்றைக்கு உலகம் அறிந்தது. அது கொல்லுப்பட்டறையில் ஆரம்பித்து, சமையலறைச் சாமான், பால் குளிரூட்டி, கிரேன் என்று செய்துகொண்டிருந்த கம்பெனி. ஹென்ரிக் ஸ்டீஸ்டல் என்ற இளைஞரும் கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும் சேர்ந்து உருவாக்கிய மூன்று இறக்கை மெஷினின் உரிமையை 1979ல் வாங்கித்தான் வெஸ்டாஸ் இந்தத் தொழிலுக்கே வந்தது. போனஸ் என்ற இன்னொரு காற்றாலைக் கம்பெனியின் பூர்வீகம் வயலுக்குத் தண்ணீர் தெளிக்கிற கருவி, நார்ட்டாங் என்ற கம்பெனிக்கு டேங்கர். இவர்களுக்கு விமானம் செய்கிற ஆசை கிடையாது. சேற்றிலும் மழையிலும் விவசாயி போட்டு அடித்தாலும் உடையாத சாமான் செய்வது எப்படி என்பது மட்டும் தெரியும். கனமாகச் செய்தார்கள், உடைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இரும்பு வைத்தார்கள், அடுத்ததை இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள்.

அரசு செய்த காரியமும் சாமர்த்தியமானது. 1979ல் காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம். ஆனால் ரிசோ ஆய்வகம் சோதித்துச் சான்று கொடுத்த மெஷினுக்கு மட்டும். ரிசோ அணு ஆராய்ச்சிக்காக ஏற்படுத்தின இடம் என்பது ஒரு வேடிக்கை. மெஷின் தேறத் தேற மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்து 1989ல் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இதோடு, 1978லேயே காற்றாலை வைத்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் மாதாமாதம் எந்தக் கம்பெனி மெஷின் எத்தனை யூனிட் ஓடியது, எது எதனால் நின்றது என்று பட்டியலே வரும். விற்கிறவன் வாய்ஜாலம் எல்லாம் அந்தப் பட்டியலுக்கு முன் எடுபடாது. நான் வேலை பார்த்த இடங்களில் ஒரு கியர்பாக்ஸ் போனால் அது பக்கத்துச் சைட்டுக்குத் தெரியக்கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் ஏற்றுவார்கள். அதே மாடல், அதே பேரிங், அடுத்த மாதம் பக்கத்துச் சைட்டிலும் போகும். டென்மார்க்கின் முன்னேற்றத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல் என்று கேட்டால் நான் அந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

யார் சொந்தக்காரர் என்பது அடுத்தது. அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவார்கள், சீட்டுப் பிடிக்கிற மாதிரி. வருஷத்துக்கு 1,000 யூனிட் உற்பத்தி ஒரு பங்கு என்று கணக்கு. அந்த வட்டாரத்தில் குடியிருந்தால்தான் பங்கு, அதுவும் வீட்டு உபயோகத்தை ஒட்டின அளவுக்குத்தான். மின் கம்பெனி அந்த மின்சாரத்தை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, சின்னப் பங்குக்கு வரிச்சலுகையும் இருந்தது. 2000 வாக்கில் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்கு வைத்திருந்தன. இறக்கை சத்தம் தூக்கத்தைக் கெடுத்தாலும், அது நம் காசு சுற்றுகிற சத்தம் அல்லவா, கோபம் கொஞ்சம் தணிந்துவிடும். இதன் பெரிய உதாரணம் கோபன்ஹேகன் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மிடல்க்ருண்டன், 2000ல் வந்தது, கடலில் 20 மெஷின், 40 மெகாவாட். முதலில் 27 மெஷினை மூன்று வரிசையாக வைப்பதாகத்தான் திட்டம். ஊர்க்கூட்டங்களில் அழகு கெடும் என்றார்கள், அதனால் 20 ஆகக் குறைத்து வில் மாதிரி ஒரே வளைவாக வைத்தார்கள். பாதி நகர மின்நிறுவனத்துக்கு, மறுபாதி 8,500க்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்களுக்கு. பங்கு ஒன்று 4,250 குரோனர் (டேனிஷ் நாணயம்).

எல்லாம் நேர்கோட்டில் போனது என்று நினைத்துவிடாதீர்கள். 80களின் முதல் பாதியில் கலிபோர்னியா வரிச்சலுகையை நம்பிப் பெரிய அலை ஒன்று அடித்தது, டேனிஷ் மெஷின்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. 1985 முடிவில் சலுகை முடிந்தது. 1986ல் வெஸ்டாஸே திவால். சிறிதாகச் சுருங்கி, காற்றாலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப எழுந்தது. அடுத்த சந்தை தேடி வந்தபோதுதான் நம் பக்கம் பார்த்தார்கள். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் 1990 வாக்கில் வந்த ஆரம்பகாலக் காற்றாலைகள் டேனிஷ் உதவிப் பணத்தில் வந்தவை. மெஷின் வந்தது, ஆனால் அந்தப் பங்கு முறையும் பட்டியலும் கூடவே வரவில்லை. இங்கே தேய்மானக் கழிவு காட்டி வரி மிச்சம் பிடிக்கிற மில்களும் கம்பெனிகளும்தான் முதலாளி ஆனார்கள்.

கடலுக்குள் முதலில் பண்ணை போட்டதும் இவர்கள்தான். 1991ல் விண்டபி, 450 கிலோவாட்டில் 11 மெஷின், உலகத்தின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. 2017ல் பிரித்தெடுத்தார்கள். 2002ல் வட கடலில் ஹார்ன்ஸ் ரெவ், 80 மெஷின், 160 மெகாவாட். உப்புக்காற்று சும்மா விடுமா, டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் வரிசையாகப் படுக்க, 2004ல் 80 மெஷினின் தலையையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சரிசெய்து மறுபடி மாட்டினார்கள். ஒரே ஒரு நாசெல்லை, அதாவது கோபுர உச்சியில் ஜெனரேட்டரும் கியர்பாக்ஸும் இருக்கிற அந்தத் தலைப் பெட்டியை, தரையில் நின்று இறக்கவே எங்களுக்கு நாக்கு தள்ளும், இது 80, நடுக்கடலில்.

2001ல் ஆட்சி மாறியது, ஆதரவு குறைந்தது, 2004லிருந்து 2008 வரை தரையில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றது. இன்னொரு மாற்றமும் நடந்தது. சின்ன மெஷின்களை எடுத்துவிட்டுப் பெரியது வைத்தபோது ஊர்க்காரர்களால் அந்த விலைக்குப் பங்கு போட முடியவில்லை, கம்பெனிகள் வந்தன. அன்றுவரை காத்தாடியைத் தங்கள் பிள்ளை மாதிரி பேசிய அதே கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. அதனால்தான் 2008 கடைசியில் சட்டம் போட்டு, புதிய காற்றாலையில் 20 சதவீதப் பங்கை முதலில் 4.5 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்போருக்குக் கொடுக்க வேண்டும், வீட்டின் மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். மருந்து வந்தது, கொஞ்சம் தாமதமாக.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி, காற்று நின்றால்? நம் ஊரில் மில்காரர்கள் 'பேங்கிங்' என்று சொல்வார்களே, ஆடிக்காற்றில் வந்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்வது. டென்மார்க்கின் பேங்க் நார்வே. 1976–77லேயே கடலடியில் மின்வடம் போட்டுவிட்டார்கள், காற்றாலைக்காக இல்லை, நிலக்கரிக்கும் நீர்மின்சாரத்துக்கும் கொடுக்கல் வாங்கலுக்காக. அது பின்னால் நாலு வடமாகி 1,700 மெகாவாட் ஆனது. டென்மார்க்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது மலிவான மின்சாரம் நார்வேக்குப் போகும், நார்வே தன் அணையை மூடி வைத்துக்கொள்ளும். காற்று நின்றால் மதகைத் திறக்கும். ஸ்வீடன், ஜெர்மனி, நெதர்லாந்து என்று எல்லாப் பக்கமும் வடம் உண்டு, 2023 கடைசியில் இங்கிலாந்துக்கு 765 கிலோமீட்டர் நீளத்தில் 1,400 மெகாவாட் வடமும் ஓட ஆரம்பித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நார்வேயோடு கோர்த்துக்கொண்டவர்கள், தங்கள் நாட்டின் மேற்கையும் கிழக்கையும் 2010 வரை கோர்க்கவே இல்லை. 2015 ஜூலை 9 இரவு ஒரு கட்டத்தில் நாட்டின் தேவையில் 140 சதவீதம் காற்றிலிருந்தே வந்தது, மிச்சம் அவ்வளவும் இந்த வடங்கள் வழியாகத்தான் வெளியே போனது. வீட்டுக்குள்ளும் ஒரு பேங்க் இருக்கிறது: மூன்றில் இரண்டு வீட்டுக்குக் குழாய் வழியாக வெந்நீர் வந்து குளிர்காய வைக்கிறது, மின்சாரம் மலிவாகும் நேரத்தில் பெரிய பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் காற்று அதிகம் அடிப்பதே குளிர்காலத்தில்தான், தேவையும் அப்போதுதான்.

அப்படியென்றால் இப்போது எல்லாம் சுகமா? இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஒரே நாளில் எல்லாரும் தக்காளி கொண்டுவந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். காற்றடித்தால் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் சுற்றும், விலை தரைக்கு வரும், சில மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயே போகும். 2024ல் வட கடலில் 3,000 மெகாவாட்டுக்கு டெண்டர் விட்டார்கள், மானியம் கிடையாது என்று சொல்லி. டிசம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட வரவில்லை. காற்றாலையை வளர்த்த வீட்டிலேயே டெண்டர் பெட்டி காலி! அடுத்த வருஷம் மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நார்வே பக்கமும் முணுமுணுப்பு. ஐரோப்பாவின் விலை வடம் வழியாகத் தங்கள் தென்பகுதி வீடுகளுக்குள் வந்துவிடுகிறது என்று அங்கே ஜனங்களுக்குக் கோபம். 70களில் போட்ட முதல் இரண்டு வடங்களுக்கு ஆயுள் முடிகிறது. அவற்றைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2025 ஆரம்பத்தில் நார்வே ஆளுங்கட்சியே சொன்னது. நான் இப்போது டென்மார்க் செய்தியைப் படித்தால் புதிய காற்றாலைச் செய்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அந்த இரண்டு வடம் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் தேடுகிறேன்.